மஞ்சள் கசப்பு வேரும் என் தம்பியின் மாத்திரை டப்பாவும்



இந்த வாரம் கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் பேசிக்கொண்டே இருக்கிற பழக்கம் ரிட்டயர் ஆகியும் என்னை விட்டுப் போகவில்லை. வேலை இருப்பவர்கள் பாதியில் எழுந்து போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் வீட்டில் சர்க்கரைக்கோ கொழுப்புக்கோ தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இருந்தால் தயவுசெய்து கடைசிவரை படித்துவிடுங்கள்.

போன மார்கழியில் ஒருநாள் விடியற்காலை நாலரை மணி. தம்பி மனைவியிடமிருந்து போன். "மதினி, உங்க தம்பிக்கு வேர்த்துக் கொட்டுது. கூப்பிட்டா என்னமோ உளறுதாக. சீக்கிரம் வாங்க." ரெண்டு தெரு தள்ளித்தான் வீடு. நான் போவதற்குள் அவள் சர்க்கரை பார்க்கிற மெஷினில் விரலைக் குத்திப் பார்த்துவிட்டாள். 48. விழுங்குகிற அளவுக்கு நினைவு இருந்ததால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். குளுக்கோஸ் ஏற்றி, மறுபடியும் இறங்கிவிடக்கூடாது என்று ஒருநாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

அங்கே டாக்டர் கேட்டார், "வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?" தம்பி தலையை ஆட்டினான், இல்லை என்று. நானும் நம்பினேன். மறுநாள் வீட்டில் பூஜை அலமாரியில் தீப்பெட்டி தேடும்போதுதான் பார்த்தேன், பிள்ளையாருக்குப் பின்னால் ஒரு வெள்ளை டப்பா. பெர்பெரின், 500 மில்லிகிராம், நாளைக்கு மூன்று. வெளிநாட்டில் இருக்கிற அவன் மகன் பாசமாக வாங்கி அனுப்பியது. வழக்கமாகச் சாப்பிடுகிற மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு இரண்டையும் நிறுத்தாமல், அதற்கு மேலே இதையும் ஆறு வாரமாகச் சாப்பிட்டிருக்கிறான். யாரிடமும் சொல்லவில்லை.

"வேர்தானே அக்கா. சீனாக்காரன் ரெண்டாயிரம் வருஷமா சாப்பிடுதான். பக்கவிளைவு கிடையாது" என்றான்.

இந்த மூன்று வாக்கியத்துக்கும் பதில் எழுதத்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்த வேரைப் பற்றி. சீனத்தில் அதற்குப் பெயர் ஹுவாங்லியன். ஹுவாங் என்றால் மஞ்சள், லியன் என்றால் கோத்தது, தொடர்ந்து வருவது. மணிமணியாகக் கணு வைத்து, கோழிக்கால் விரல் மாதிரி வளைந்திருக்கும். உடைத்தால் உள்ளே பளிச்சென்று ஆரஞ்சு கலந்த மஞ்சள். செடியின் பெயர் காப்டிஸ் சைனென்சிஸ். நம் கருஞ்சீரகத்தின் குடும்பம்தான். வேர் என்று ஊரெல்லாம் சொன்னாலும் அது வேர் இல்லை, இஞ்சி மஞ்சள் மாதிரி மட்டநிலத்தண்டு. பரீட்சையில் வேர் என்று எழுதியவர்களுக்கு அரை மார்க் குறைத்திருக்கிறேன். இன்று நானே வேர் என்றுதான் எழுதப்போகிறேன், மன்னித்துவிடுங்கள்.

சோங்சிங் பகுதியில் ஷிஜூ என்ற ஊர் இதற்குப் பேர்போனது. ஆயிரம் மீட்டருக்கு மேலே, குளிர்ந்த மலை, நேர் வெயில் ஆகாது. பந்தல் போட்டு நிழலில்தான் வளர்க்க வேண்டும். நட்டு ஏறக்குறைய ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும். பிறகு இலையுதிர் காலத்தில் தோண்டி, மண்ணை உதறி, உலர்த்தி, மிச்சமிருக்கிற சல்லிவேர்களைத் தட்டி எடுப்பார்கள். இதன் நெருங்கிய சொந்தம் ஒன்று நம் நாட்டிலேயே இருக்கிறது. அருணாசலப் பிரதேசத்து மிஷ்மி மலையில், காப்டிஸ் தீத்தா. மிஷ்மி மக்கள் வயிற்றுக்கும் காய்ச்சலுக்கும் வைத்துக்கொண்டிருந்த செடி. விலை ஏற ஏற ஆட்கள் தோண்டிக்கொண்டே போய், இன்று அழிவின் விளிம்பில் இருக்கிறது. அது தனிக் கதை.

கசப்பென்றால் சாதாரணக் கசப்பு இல்லை. ஒரு துணுக்கு நாக்கில் பட்டால் வெகுநேரம் போகாது. ஊமை ஹுவாங்லியன் தின்ற மாதிரி என்று சீனத்தில் ஒரு சொலவடை உண்டு. கசப்பு தாங்கவில்லை, வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை. நாம் திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி என்போமே, ஏறக்குறைய அதுதான். ஆஸ்பத்திரியில் தம்பி டாக்டர் முன்னால் முழித்த முழியும் அதுதான்.

சரி, இதை எதற்குக் கொடுத்தார்கள்? இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பின்னாகத் தொகுக்கப்பட்ட ஷென்னோங் மூலிகை நூலிலேயே ஹுவாங்லியன் இருக்கிறது. கண் வலி, கண்ணில் நீர் வடிதல், வயிற்று வலியோடு பேதி, இதற்கெல்லாம் என்று சொல்கிறது. பின்னால் வந்த வைத்தியர்கள் வாய்ப்புண், கட்டி, சீழ், காய்ச்சல் என்று சேர்த்துக்கொண்டே போனார்கள். அவர்கள் கணக்கில் கசப்பும் குளிர்ச்சியும் உள்ள மருந்து உடம்பின் வெப்பத்தைத் தணிக்கும், ஈரத்தை உலர்த்தும். உடம்பு சூடு என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ள அகராதி தேவையில்லை.

இதில் எனக்குப் பிடித்தது அவர்களின் ஜாக்கிரதை. சீன அரசின் மருந்து நூல் இன்றும் இந்த வேருக்குச் சொல்கிற அளவு நாளைக்கு 2 முதல் 5 கிராம். தனியாகவும் அதிகம் கொடுப்பதில்லை. ஸுவோஜின் மாத்திரை என்று ஒன்று. ஹுவாங்லியன் ஆறு பங்கு, வூஜூயூ என்கிற காரமான காய் ஒரு பங்கு. வயிற்றைக் குளிர வைத்துவிடக்கூடாது என்று அந்த ஒரு பங்கு சூடு. இஞ்சிச் சாற்றில் வறுத்துக் கொடுப்பதும் உண்டு. நம் பாட்டிமார் கஷாயத்தில் சுக்கைத் தட்டிப் போட்ட அதே புத்தி. வயிறு பலவீனமானவர்களுக்கு இதைக் கொடுக்கவே யோசிப்பார்கள். வேலை முடிந்ததும் நிறுத்திவிடுவார்கள்.

நிறுத்தாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். மிங் காலத்து லி ஷிஜென் பெயரைச் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏறக்குறைய முப்பது வருஷம் உழைத்து, 1578-ல் பென்சாவ் காங்மூ என்ற பெரிய மூலிகை நூலை முடித்தவர். அதில் ஹுவாங்லியன் பகுதியில் அவர் ஒரு இளவரசரின் கதையைச் சொல்கிறார். ஜிங் துவான் என்ற அந்த இளவரசருக்கு உடம்பில் எப்போதும் வெப்பம். வைத்தியர்கள் ஹுவாங்லியனோடு இன்னும் மூன்று கசப்பு மருந்துகளைச் சேர்த்து மாத்திரையாக்கிக் கொடுத்தார்கள். அவர் அதை வருஷக்கணக்கில் விழுங்கினார். வெப்பம் தணியவில்லை, கூடியது. கடைசியில் கண்பார்வை போய்விட்டது.

பார்வை போனதற்கு அந்த மாத்திரைதான் காரணமா, அவருக்கு வேறு நோய் இருந்ததா என்பதை இன்று உட்கார்ந்துகொண்டு நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. நான் கவனித்தது வேறு. கசப்பு மருந்தை நீண்டநாள் சாப்பிடாதே என்று எச்சரிக்கத்தான் லி ஷிஜென் அந்தக் கதையை எழுதினார். நமக்கு வாட்ஸப்பில் வருகிற இரண்டாயிரம் வருஷப் பாரம்பரியத்தில் அந்தப் பக்கம் மட்டும் எப்போதும் கிழிந்து போயிருக்கிறது. இன்னொன்று. இளவரசர் சாப்பிட்டது கஷாயம் இல்லை, மாத்திரை. கஷாயமாகக் குடித்திருந்தால் நாலாம் நாளே டம்ளரைத் தள்ளிவிட்டிருப்பார். அந்தக் கசப்பே ஒரு பூட்டு. இயற்கை போட்டதோ தற்செயலோ, அது ஆளைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. மாத்திரையும் கேப்சூலும் வந்து அந்தப் பூட்டைக் கழற்றிவிட்டன.

இப்போது பெர்பெரின். ஹுவாங்லியனின் மஞ்சள் நிறத்துக்கும் பெருமளவு கசப்புக்கும் காரணமான ஆல்கலாய்டு இதுதான். நம் மரமஞ்சளிலும் இருக்கிறது. இலங்கைக்காரர்கள் வெனிவெல் என்பார்களே, அதேதான். ஆகவே 'சீனச் சரக்கு வேண்டாம், நான் நாட்டு மருந்தே பார்த்துக்கிறேன்' என்று கிளம்புகிறவர்களும் கொஞ்சம் உட்காருங்கள்.

பெர்பெரின் வேலை செய்யாது என்று நான் சொல்லவே மாட்டேன். சீனாவில் பேதிக்கு மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் வாங்குகிற மலிவான மாத்திரை அது. 1987-ல் டாக்காவில் பேதி நோயாளிகளிடம் முறையாகச் சோதித்தார்கள். ஒரு வகை ஈ. கோலை கிருமியால் வந்த பேதிக்கு ஒரே வேளை 400 மில்லிகிராம் நன்றாகவே உதவியது, காலராவுக்கு அவ்வளவாக இல்லை. பேதிக்கு இதைச் சாப்பிட்ட சர்க்கரை நோயாளிகளுக்குச் சர்க்கரையும் இறங்குகிறது என்று 1988-ல் சீன மருத்துவர்கள் எழுதினார்கள். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போய், 2008-ல் ஷாங்காயில் புதிதாகச் சர்க்கரை வந்த 36 பேரைப் பிரித்து, பாதிப் பேருக்கு மெட்ஃபார்மின், பாதிப் பேருக்கு பெர்பெரின் கொடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதத்தில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு இறங்கியது. 2004-ல் கொழுப்பைக் குறைப்பதைப் பற்றி வந்தது. 2020-ல் வந்தது இன்னும் பெரிய ஆய்வு. பெருங்குடலில் கட்டி எடுத்தவர்களுக்கு அது திரும்ப வருவது, பெர்பெரின் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 36, வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் 47. சின்ன விஷயம் இல்லை. அந்த ஆய்வாளர்களுக்கு என் வணக்கம்.

ஆனால் 36 பேர், மூன்று மாதம் என்பதை மறந்துவிடாதீர்கள். ஒரு வகுப்பறைகூட நிரம்பாது. அதை வைத்துக்கொண்டு மெட்ஃபார்மினைத் தூக்கிப் போடு என்று ஒருவர் வீடியோ போடுகிறார். 2023-ல் ஒரு படி மேலே போய், உடம்பு குறைக்கிற ஊசியான ஓசெம்பிக்குக்கு இயற்கை தந்த மாற்று இதுதான் என்று கிளப்பிவிட்டார்கள். அந்த ஊசி வேலை செய்கிற விதம் வேறு, குறைக்கிற எடையும் வேறு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதே தப்பு.

இப்போது சின்னக் கணக்கு ஒன்று. நோட்டை எடுங்கள். மருந்து நூல் கேட்கிற தரத்தில் ஹுவாங்லியனில் பெர்பெரின் குறைந்தது 5.5 சதவீதம் இருக்க வேண்டும். அதிகபட்ச அளவான 5 கிராமில் எவ்வளவு? 275 மில்லிகிராம். நல்ல உயர்ந்த சரக்கு, 8 சதவீதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், 400. அதுவும் கொதிக்க வைத்தால் முழுவதும் தண்ணீரில் இறங்காது. தம்பி சாப்பிட்டது நாளைக்கு 1500. சீனாக்காரன் இரண்டாயிரம் வருஷமாகச் சாப்பிடுகிறான் என்றானே, அந்தச் சீனாக்காரன் சாப்பிட்டது போல நாலைந்து மடங்கு, அதுவும் நாலைந்து நாளுக்கு அல்ல, ஆறு வாரம். இதற்குப் பாரம்பரியத்தைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. இது புது மருந்து. புது மருந்துக்கு உள்ள விசாரணை இதற்கும் வேண்டும்.

பக்கவிளைவு கிடையாது என்பதற்கு வருகிறேன். அந்த ஷாங்காய் ஆய்வுகளிலேயே மூன்றில் ஒருவருக்கு வயிற்றுத் தொந்தரவு வந்தது. அது கொஞ்ச நாளில் போய்விடும். பெரிய விஷயம் வேறு. நாம் விழுங்குகிற மாத்திரைகள் பலவற்றைக் கல்லீரலில் உள்ள நொதிகள்தான் உடைத்து வெளியேற்றுகின்றன. பெர்பெரின் அவற்றில் சிலவற்றை அடக்கிவிடுகிறது. சிறுநீரகம் மாற்றியவர்களுக்குக் கொடுக்கிற சைக்ளோஸ்போரின் அளவு, பெர்பெரின் சேர்ந்தால் ரத்தத்தில் கூடுவதைச் சீனாவிலேயே கண்டிருக்கிறார்கள். தம்பி சாப்பிடுகிற கிளிமெபிரைடை உடைக்கிற நொதியும் இந்த அடங்குகிற கூட்டத்தில் உண்டு. ஒருபக்கம் பெர்பெரின் தானே சர்க்கரையை இறக்குகிறது. மறுபக்கம் கிளிமெபிரைடு உடம்பை விட்டுப் போகாமல் தங்கியிருக்கலாம். அன்று ராத்திரி வைகுண்ட ஏகாதசி விரதம் என்று ரெண்டு வாழைப்பழத்தோடு படுத்துவிட்டான். மூன்றும் சேர்ந்திருக்கலாம் என்றார் டாக்டர். வேலை செய்யாத மருந்தாக இருந்திருந்தால் அவன் அன்றைக்கு நன்றாகத் தூங்கியிருப்பான்.

சிங்கப்பூரில் இருக்கிற என் பழைய மாணவி ஒருத்தி போன வருஷம் கேட்ட கேள்விக்கும் இதிலேயே பதில் சொல்லிவிடுகிறேன், அப்போது அரைகுறையாகத்தான் சொன்னேன். அவளுக்குப் பிரசவமாகி வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி அன்பாகச் சொன்னாராம், பிள்ளைக்கு ஒரு சொட்டு ஹுவாங்லியன் தண்ணீர் வை, கர்ப்பத்து நஞ்சு போகும் என்று. நாம் சேனை வைப்பதில்லையா, வசம்பு உரைத்துக் கொடுப்பதில்லையா, அந்த மாதிரி. நாம் இனிப்பில் தொடங்குகிறோம், அவர்கள் கசப்பில் தொடங்குகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம் என்று அவள் எழுதியிருந்தாள்.

பாட்டியின் அன்பில் குறை இல்லை. ஆனால் சிங்கப்பூர் அரசு 1978-ல் ஹுவாங்லியனையும் பெர்பெரினையும் தடை செய்தது அவளுக்குத் தெரியாது. பச்சிளங் குழந்தைகளுக்கு வருகிற மஞ்சள் காமாலைதான் காரணம். ஜி-சிக்ஸ்-பி-டி என்கிற நொதி குறைவாகப் பிறக்கிற பிள்ளைகள் தென்சீன வம்சத்தாரிடம் கணிசம். அவர்களுக்குக் காமாலை வேகமாக ஏறும். ஏறினால் மூளையைத் தாக்கும், காது போகும், உயிரும் போகும். ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிற பிலிருபினை பெர்பெரின் தள்ளிவிட்டு அலைய விடுகிறது என்று பின்னால் ஆய்வகத்திலும் பார்த்தார்கள். முப்பது வருஷத்துக்கும் மேல் கழித்து, மறுபடி ஆராய்ந்து, பெரியவர்களுக்குப் பாதுகாப்பானதுதான் என்று தடையை எடுத்தார்கள். கைக்குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கிற தாய்மாருக்கும் அந்த நொதி குறைந்தவர்களுக்கும் ஆகாது என்கிற எச்சரிக்கையோடு. எனக்குப் பிடித்த நடைமுறை இது. மூலிகை என்று கும்பிடவும் இல்லை, மூடநம்பிக்கை என்று குப்பையில் போடவும் இல்லை. யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது என்று பார்த்தார்கள்.

பொடியாக வாங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு வரி. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடம்பு மெலிய வைத்தியம் செய்துகொண்ட நூற்றுக்கு மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் கெட்டது. ஃபாங்ஜி என்ற சீன வேருக்குப் பதிலாக, பெயர் ஒத்த குவாங் ஃபாங்ஜி என்ற நச்சு வேர் கலந்துவிட்டது. பொடியானபின் எந்த வேரும் ஒரே மாதிரிதான். தாவரவியல் டீச்சர் சொல்கிறேன், எனக்கே கண்டுபிடிக்க வராது.

டாக்டர்களாகிவிட்ட என் மாணவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். உங்களிடமும் ஒரு வருத்தம் உண்டு. தம்பி ஏன் ஒளித்தான் என்று அப்புறம் கேட்டேன். சில வருஷத்துக்கு முன்னால் வேறொரு டாக்டரிடம் நாவற்கொட்டைப் பொடி சாப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறான். அவர் மற்ற நோயாளிகள் முன்னிலையில் 'அப்ப எங்கிட்ட எதுக்கு வந்தே, அங்கேயே போ' என்று சத்தம் போட்டிருக்கிறார். அன்றிலிருந்து இவன் எதையும் சொல்வதில்லை. அறுபத்தொரு வயசுக்காரன், பிள்ளையாருக்குப் பின்னால் மாத்திரையை ஒளித்து வைக்கிறான். பரீட்சையில் பிட் ஒளித்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அடிக்கிற வாத்தியார் வகுப்பில்தான் அது அதிகம். 'வேற ஏதாவது சாப்பிடுறீங்களா' என்று கேட்டுவிட்டு அடுத்த சீட்டைப் பார்க்காதீர்கள். நாட்டு மருந்து, பொடி, லேகியம், ஆன்லைனில் வாங்கியது என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்டபின் திட்டாதீர்கள்.

மற்றவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பெர்பெரினோ ஹுவாங்லியனோ சாப்பிட ஆசையா, டப்பாவையும் இப்போது சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டு உங்கள் டாக்டர் மேசையில் கொட்டுங்கள். கர்ப்பிணிகள், பால் கொடுக்கிறவர்கள், கைக்குழந்தை இருக்கிற வீடு, பக்கமே போக வேண்டாம். உறுப்பு மாற்றியவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுக்கிறவர்கள் டாக்டர் சொல்லாமல் தொடவே கூடாது. முறைப்படி படித்த சீன வைத்தியரிடம் போகிற வசதி சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு உண்டு. போங்கள், நாடி பார்க்கட்டும், ஆனால் அவரிடமும் இங்கிலீஷ் மருந்துகளை மறைக்காதீர்கள்.

தம்பி இப்போது நன்றாக இருக்கிறான். டாக்டர் கிளிமெபிரைடின் அளவைக் குறைத்திருக்கிறார், பெர்பெரின் நின்றுவிட்டது. காலையில் என்னோடு ஆற்றங்கரை வரை நடக்கிறான், நான் இந்தக் கதையை ஊருக்கே எழுதப்போகிறேன் என்றதும் ரெண்டு நாள் பேசவில்லை. பிறகு, 'எழுது, ஆனா வைகுண்ட ஏகாதசியைச் சேர்த்துக்கோ, அது இல்லாம என் மேல மட்டும் பழி போடாதே' என்றான். சேர்த்துவிட்டேன்.

அவன் மகனும் இதைப் படிப்பான். அத்தைக்கு உன் மேல் கோபம் இல்லையப்பா. அடுத்த தடவை ஊருக்கு வரும்போது டப்பா எதுவும் வேண்டாம். போன தடவை கொண்டுவந்தாயே, அந்த உப்புப் போடாத பாதாம், அது ரெண்டு பாக்கெட் போதும்.